நன்றி சொல்லாதவள்

1

இந்தக் கதை ஒரு சத்தத்திலிருந்து வந்தது. கொம்புக் குவளையில் நீர் தீரும்போது உலோகக் குழல் எழுப்பும் உறிஞ்சல். பராகுவாயின் கொன்செப்சியோன் ஊரில் பல வருடம் இருந்துவிட்டால் அது காதில் விழாது. ஒரு மதியம், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது. குவளை யார் கையிலும் இல்லை.

(கடைசி வாக்கியத்தை அடித்தேன். மறுபடியும் எழுதியிருக்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: "பராகுவாய் ஆற்றின் மேல் வெயில்..." வேண்டாம்.

ஸுனில்டாவின் அம்மாவைப் புதைத்த மறுவாரம், தம்பி லிபோரியோ மாமரத்தடியில் தெரெரே ஊற்றினான். எர்பா இலை, குளிர்ந்த நீர், எல்லோருக்கும் ஒரே குவளை, ஒரே குழல். இளையவன் ஊற்றுவான். குவளை ஒவ்வொருவராகப் போய் அவனிடம் திரும்பும். போதும் என்பவர் நன்றி சொல்வார். சொல்லாதவரைத் தாண்டிப் போகக் கூடாது.

அக்காவுக்குக் கொடுத்தான். அடுத்ததைக் கைப்பழக்கத்தில் அம்மாவின் நாற்காலிக்கு நீட்டினான். நீட்டியதைத் திருப்பி எடுக்க மனம் வரவில்லை. நாற்காலியில் வைத்தான்.

உறிஞ்சல் கேட்டது. குவளை காலி.

"வெயிலு," என்றான்.

"வெயில் குழல்ல வாய் வெச்சா குடிக்கும்?"

"அப்ப யாருன்னு நீயே சொல்லு."

"அவ இன்னும் நன்றி சொல்லலடா."

3

அம்மா அக்கரைக்காரி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் விரியும் சாக்கோ சமவெளியின் ஏதோ ஒரு சின்ன மொழி அவளுடையது. கல்யாணமான புதிதில் அதில் பேசினாள். குவாரனி பேசும் வீடு சிரித்தது. நிறுத்திக்கொண்டாள்.

குவாரனியைப் புகழ்ந்து இங்கே ஒரு பத்தி இருந்தது. ஸ்பானிய மொழிப் பள்ளிக்கூடங்களில் அடி வாங்கியும் சந்தையிலும் சண்டையிலும் படுக்கையிலும் பிழைத்த மொழி. கண்டம் முழுக்க மொழிகள் செத்துக்கொண்டிருக்க, சாக மறுத்தது. எல்லாம் உண்மை. ஆனால் அம்மாவின் மொழியை விழுங்கியதும் அதுதான். பத்தியை எடுத்துவிட்டேன்.*

கடைசி நாட்களில் அம்மாவுக்குக் குவாரனி மறந்துபோனது. தன் பழைய மொழியில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஸுனில்டா புரியாமலே தலையாட்டினாள். எதற்குச் சம்மதித்தோம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

* அந்த மொழிக்கு ஒரு பெயர் வைத்திருந்தேன். இப்போது நினைவில்லை.

4

சந்தையில் பை விற்கும் அக்கரைப் பெண்ணிடம் அந்த வாக்கியத்தைச் சொல்லிக் காட்டினாள்.

"இது எங்க பேச்சு இல்லம்மா."

"நீங்களும் அக்கரைதானே?"

"ஆத்தத் தாண்டினா எல்லாருக்கும் ஒரே நாக்குன்னு நெனச்சியா? எங்க ஊருக்கும் பக்கத்து ஊருக்குமே பேச்சு வேற. எம் மாமியா திட்றது இன்னிக்கும் எனக்குப் பாதிதான் புரியும். அதனாலதான் குடும்பம் ஓடுது."

ஸுனில்டா சிரித்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"அதை இன்னொரு தரம் சொல்லாத."

"ஏன்?"

"சொல்றப்ப உங் குரல் வேற யாருதோ."

5

நாற்காலிக்குப் பிறகு குவளை தம்பிக்கு வரும், பிறகு ஸுனில்டாவுக்கு. தம்பி தன் முறையைக் குடிப்பதை விட்டான். இவள் விடவில்லை. ஒவ்வொரு மதியமும் அம்மா கேட்டது கொஞ்சம் பிடிபட்டது. ஒவ்வொரு மதியமும் ஒரு குவாரனிச் சொல் போனது. உப்பு போனது. கதவு போனது.

"நன்றி சொல்லிட்டு எழுந்திரு அக்கா."

"நான் எழுந்தா அவகூட யாரு பேசுவா?"

"நேத்து என்னை ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டியே. அது எம் பேரா?"

"பின்ன?"

"இல்லக்கா."

அவள் குவளையை மடியில் இறக்கினாள். வாயைத் திறந்தாள். அவள் சொன்னது

6

இங்கே நிற்கிறேன். ஒரு முடிவில் அவள் குவாரனியில் நன்றி சொல்கிறாள். நாற்காலி வெறும் நாற்காலி ஆகிறது. அம்மா கேட்டது கடைசிவரை தெரியாது. இன்னொன்றில் அவளுக்கு எல்லாம் புரிகிறது. எதிரே குவளையோடு இருப்பவன் யாரென்று மட்டும் தெரியவில்லை. இரண்டையும் எழுதிப் பார்த்து, உரக்கப் படித்தேன். பக்கத்து அறையிலிருந்து மனைவி கேட்டாள், "யாரு வந்திருக்கா?"

அதோடு நிறுத்தினேன்.

லிபோரியோ மறுபடி ஊற்றிவிட்டான். குவளை இந்தத் தடவை உங்கள் பக்கம் நீண்டிருக்கிறது. குடித்துவிட்டு நன்றி சொன்னால் நீங்கள் எழுந்து போகலாம். அவள் எழுந்தாளா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். சொல்லும்போது உங்கள் குரலை மட்டும் கவனியுங்கள்.