இரண்டு மில்லிமீட்டர்

எங்கள் மாநிலத்தின் மிக உயர்ந்த இடத்துக்குத் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போகப்போகிறேன் என்றதும் அக்கா போனிலேயே சண்டைக்கு வந்தாள்.

"காய்கறி வாங்கப் போறப்பவே ரிவர்ஸ் எடுக்க வாட்ச்மேனைக் கூப்பிடுவே. மலை மேல யாரைடி கூப்பிடுவே?"

"மலை மேல ரிவர்ஸ் எதுக்கு? நேராப் போய் நேரா வருவேன்."

"நேராப் போனா அந்தப் பக்கம் விழுவே."

நான் வரைபட அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இருபத்திரண்டு வருடங்களாக அந்தச் சிகரத்தின் புள்ளியும் உயரமும் என் மேசையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகின்றன. ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. அலுவலகத்தில் என் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. யாருடைய தாளாக இருந்தாலும் பிழையைக் கண்டுபிடித்துவிடுவேன். கேலிக்கு வைத்த பெயர்தான் என்றாலும் உள்ளூர எனக்கு அதில் ஏகப் பெருமை. வேறு எதுவும் சேர்த்துவைக்காதவளுக்கு அந்தப் பெயர்தான் சொத்து. புதிய பதிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் ஒருமுறை அங்கே நின்றுவிட வேண்டும் என்று தோன்ற, வெள்ளிக்கிழமை லீவு போட்டேன்.

நான்கு மணி நேரப் பயணம் எனக்கு ஏழு மணி நேரம் ஆனது. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ஒரு டிராக்டர் என்னை முந்தியது. ஓட்டியவர் எனக்குத் தைரியம் சொல்வதுபோல் தலையசைத்துவிட்டுப் போனார். ஜன்னலைத் திறந்து, பாடிக்கொண்டே போவதாகத்தான் கற்பனை செய்திருந்தேன். உண்மையில் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கப் பயந்து, மூக்கில் வந்த அரிப்பை இருபது கிலோமீட்டர் பொறுத்துக்கொண்டேன்.

உச்சியில் ஒரு கம்பித் தடுப்பு, ஒரு பலகை. மாநிலத்தின் மிக உயர்ந்த இடம் என்று கொட்டை எழுத்தில். கீழே பொடி எழுத்தில், எங்கள் அலுவலக வரைபடத்தின்படி வைத்தது என்று. பக்கத்தில் நின்று படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். உள்ளே என்னவோ அகலமாக விரிந்தது. இதுதான் ஞானம் போலும் என்று இரண்டு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது எதிரே இன்னொரு மேடு தெரிந்தது.

அது கொஞ்சம் உயரமாகப் பட்டது. கண் மயக்கம் என்று விட்டிருக்கலாம். பூதக்கண்ணாடியால் முடியுமா? பாதி தண்ணீர் இருந்த பாட்டிலைக் கண்ணுக்கு நேரே பிடித்து, நீர்மட்டத்தின் வழியே பார்த்தேன். எதிர்மேடு மட்டத்துக்கு மேலே தலையை நீட்டியது. மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் நீட்டியது.

எந்த மடையன் செய்த வேலை என்று மனம் உடனே ஆள் தேடக் கிளம்பியது. தேடித் தேடி என் மேசைக்கே வந்து நின்றது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வரைபடத்தில் சிகரத்தின் பெயர் ஓர் ஆற்றுக்கோட்டின்மேல் ஏறி உட்கார்ந்தது. எங்கள் தொழிலில் பெயரை நகர்த்தலாம், புள்ளியை நகர்த்தக் கூடாது. கூடவே வந்தால் அழகாக இருக்குமே என்று நான் புள்ளியையும் இரண்டு மில்லிமீட்டர் தள்ளிவைத்தேன். அந்த வரைபடத்தில் இரண்டு மில்லிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். போன மாதம் அரை மில்லிமீட்டர் தள்ளிய புதுப்பெண்ணை, கழிவறைக்குப் போய் அழும்வரை திட்டியிருந்தேன்.

எதிர்மேட்டுக்கு நடந்தேன். உச்சி முழுக்க உருளைக்கிழங்குச் செடி. நடுவில் என் வயதுப் பெண் ஒருவர் மண்வெட்டியோடு நின்றார்.

"வழி தவறிட்டீங்களா? போர்டு அந்தப் பக்கம்."

"இல்லைங்க. இதுதான் உயரமோன்னு பார்க்க வந்தேன்."

"இதுதான். மழைத்தண்ணி இங்கேருந்துதானே ரெண்டு பக்கமும் பிரியுது. எவனோ தூக்கத்துல புள்ளி வச்சுட்டான்னு எங்க வீட்டுக்காரர் சொல்வார்."

"அது நான்தாங்க."

தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "நீங்களா! உங்களைக் கும்பிடணும். போர்டு இங்க வந்திருந்தா ஒரு செடி மிஞ்சுமா? மிதிச்சே கொன்னிருப்பாங்க. அப்படியே விட்டுடுங்க, புண்ணியமாப் போகும்."

காதில் தேன் பாய்ந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும், பரோபகாரி ஆகிவிடலாம். ஆனால் நிம்மதி வந்த வேகம்தான் சந்தேகத்தைக் கிளப்பியது. ஐந்து நிமிடப் பழக்கத்தில் இந்தச் செடிகள்மேல் எனக்கு அவ்வளவு பாசம் பொங்க வழியில்லை. பாசமெல்லாம் என் பட்டப்பெயர்மேல்தான்.

அங்கேயே நின்று அதிகாரிக்குப் போன் போட்டேன்.

"சார், சிகரத்துப் புள்ளி தப்பா இருக்கு. ரெண்டு மில்லிமீட்டர்."

"யார் பண்ணது?" குரலில் அப்படி ஓர் ஆவல்.

"நான்தான் சார். சேர்ந்த வருஷம்."

"நீங்களா? இருங்க, இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன்."

போட்டார். மறுபடி சொன்னேன். பிரிவு முழுவதும் சிரித்து ஓய்ந்தபின் புதுப்பெண்ணின் குரல் கேட்டது. "ரெண்டாக்கா? எனக்கு அரைதானே?"

"ஆமாம்மா. உன்னைத் திட்டினதும் தப்பு."

போனை வைத்தபோது முகம் எரிந்தது. கிழங்குக்காரம்மா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

"அப்ப போர்டு இங்க வருது."

"வரும்ங்க."

"நல்லாருக்கு நியாயம். தப்புப் பண்றதும் நீங்க, திருத்தறதும் நீங்க. நடுவுல மிதிபடறது என் கிழங்கா?" வயலோரத்துக் கற்குவியலைக் காட்டினார். "ஓரமா ரெண்டு வரிசை கல்லு அடுக்கிட்டா வர்றவங்க அதுக்குள்ள நடப்பாங்க. வாங்க, பிடிங்க."

பிடித்தேன். ஏழாவது கல்லில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

"எவ்வளவு தூரத்துக்குங்க?"

"ரோடு வரைக்கும்."

நிமிர்ந்து பார்த்தேன். ரோடு கண்ணுக்கே தெரியவில்லை.