பேராச்சியின் டின்

அறுபத்தேழு தேர்தலில் தாராவிச் சுவர்களில் நீங்கள் வாசித்த எழுத்தில் பாதி என்னுடையது. மூன்று கட்சிக்கும் ஒரே ஆள், ஒரே பிரஷ். காலையில் ஒருத்தன் சின்னத்தை வரைவேன். சாயங்காலம் அடுத்த சுவரில் அவனையே துரோகி என்று எழுதுவேன். அம்மன் கொடைக்கும் நான்தான், மாதா கோயில் திருவிழாவுக்கும் நான்தான், தர்கா கந்தூரிக்கும் நான்தான். சாமிகளுக்கும் எனக்கும் பெயிண்ட் சம்பந்தம் மட்டும்.

ஆனால் வாய் என் சொந்தம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன் என்றால் கட்சிக்காரன் எல்லாம் திருடன், பூசாரி எல்லாம் வியாபாரி, சாதி என்பது மண்டைக்குள் பிடித்த பாசி என்று வெளுத்து வாங்குவேன். "வானமாமலை பேச ஆரம்பிச்சா டீ ஆறிரும்வே" என்று கேலி செய்வார்கள். அதிலும் எனக்குப் பெருமைதான்.

எங்கள் சந்துக்கு ஒரே குழாய். எங்கள் சொந்த ஊர்க்காரர்கள் சேர்ந்து வைத்த சங்கம் முனிசிபாலிட்டிக்கு நடையாய் நடந்து வாங்கியது. விடியற்காலை ஐந்துக்குத் தண்ணீர் வரும், ஏழுக்கு நின்றுவிடும். வரிசையில் ஆள் நிற்க வேண்டாம், டின் நின்றால் போதும். முந்தின சாயங்காலமே ஆளாளுக்கு ஓர் எண்ணெய் டின்னைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். டின்னில் வீட்டுக்காரர் பெயர் இருக்கும், எழுதியது நான். பெயர் இல்லாத டின்னை யார் வேண்டுமானாலும் காலால் தள்ளிவிடலாம். அதுதான் சந்தின் சட்டம்.

குழாய்க்கு மேலே ஒரு தகரப் போர்டு: "சங்க உறுப்பினர்களுக்கு மட்டும்." அதுவும் என் கைவேலை. உறுப்பினர் என்றால் எங்கள் சாதி. அதைத் தனியாக எழுத வேண்டியிருக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். எழுத்து வரிசை கோணாமல் வந்ததே என்று அன்றைக்குத் திருப்தியாக ஏணியை விட்டு இறங்கினேன். வேறெதுவும் தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

சந்தின் கடைசியில் சாக்கடையை ஒட்டி ஆறேழு குடிசைகள். பேராச்சி அங்கே இருந்தாள். தோல் கம்பெனியில் தோல் அலசும் வேலை, ஐந்தரைக்கெல்லாம் போய்விட வேண்டும். மகனுக்கு விக்ரோலியில் நைட் டூட்டி, எட்டு மணிக்குத்தான் வருவான். அதனால் தண்ணீருக்கு மருமகள் இசக்கிதான் போவாள், ரயில் தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கத்துக் குழாய்க்கு. அவளுக்கு அப்போது எட்டு மாதம்.

தேர்தல் முடிந்த வாரம் ஒரு மத்தியானம் பேராச்சி என் கடைக்கு வந்தாள். கையில் கழுவித் துடைத்த ஓர் எண்ணெய் டின்.

"பெயிண்டர் அண்ணாச்சி, இதுல எழுதணும்."

"உன் பேரா? வச்சிட்டுப் போ."

"எம் பேரு இல்ல. எங்க சாதிப் பேரு. நல்லா பெருசா, வெள்ளையில. தூரத்துல நின்னாலும் தெரியணும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்கென்ன பைத்தியமா? சாதியை ஒழிக்கணும்னு நான் தொண்டை கிழியக் கத்துதேன். நீ அதை டின்னுல எழுதச் சொல்லுத! மனுசின்னு எழுதுதேன், போ."

அவள் சிரித்தாள். "நான் மனுசிங்கறது அவங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி? தெரிஞ்சுதான ஒதுக்குதாங்க."

பிறகு டின்னைத் தரையில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். முந்தின நாள் இசக்கி தண்டவாளத்து ஜல்லியில் கால் இடறிக் குடத்தோடு விழுந்திருக்கிறாள். எழுந்து ஓரமாக நகர்வதற்குள் லோக்கல் ரயில் வந்துவிட்டது. சேலை முந்தானை மட்டும் சக்கரத்தோடு போயிற்று.

"இனி அவ அங்ஙன போகக் கூடாது. மூணு தடவை நம்ம குழாயில டின்னு வச்சுப் பாத்தேன். பேரில்லாத டின்னுன்னு, யாருதுன்னு தெரியாமலே மூணு தடவையும் காலால எத்தி விட்டாங்க. நீங்க எழுதுங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

எழுதினேன். அந்தச் சொல்லை இங்கே எழுத மாட்டேன். அதைச் சொல்லும் உரிமை அவளுக்குத்தான் உண்டு. பத்தடி உயரத்துக்குத் தலைவர்கள் பெயரை எழுதியபோது கோணாத எழுத்து, அந்த டின்னில் இரண்டு இடத்தில் கோணிவிட்டது.

அன்று சாயங்காலம் வரிசையில் நாலாவது இடத்தில் அந்த டின் நின்றது. வந்தவர்கள் பார்த்தார்கள், முகம் சுளித்தார்கள், போனார்கள். ஒருத்தன் எத்துவதற்குக் காலைத் தூக்கினான். எழுத்தைப் படித்தான், காலை இறக்கிக்கொண்டான். தொட்டால் தலை முழுக வேண்டும், முழுகத் தண்ணீர் ஏது? அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அடடா, என்ன மூளை! தொட்டால் தீட்டு என்று இவர்கள் போட்ட சட்டத்தையே தன் டின்னுக்குக் காவலாக நிறுத்திவிட்டாள். இருபது வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து பேசிய நான், அந்தப் படிக்காத பொம்பளையின் கால் தூசிக்குப் பெற மாட்டேன்.

காலையில் தண்ணீர் வந்தது. பேராச்சி அன்று வேலைக்குப் போகவில்லை. குழாயடியில் வந்து நின்றாள். மூன்று டின் நிரம்பியது. நாலாவது வந்ததும் அவள் குழாயைத் தொடக் கூடாது என்று கூச்சல் எழுந்தது, எல்லாம் நின்றது. அடுத்த டின்னுக்குச் சொந்தக்காரி மீனாட்சியம்மாள், ஆசாரம் பார்க்கிறவள், இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். யாரோ ஓடிப்போய் சங்கச் செக்ரட்டரி கணேசபாண்டியனைக் கூட்டிவந்தார்கள். போன மாதம்தான் அவர், மதராசி என்று நம்மை இந்த ஊரில் ஒதுக்குகிறார்களே, நாமும் மனிதர் இல்லையா என்று கூட்டம் போட்டுக் கண்ணீர் விட்டிருந்தார். அதற்கு நோட்டீஸ் எழுதியவன் நான்.

"அரே, யாராவது அதை எடுத்து அப்பால வைங்கவே!"

யாரும் அசையவில்லை. அவரும் அசையவில்லை.

"பேராச்சி, நீயே எடுத்துட்டுப் போயிரு. மேல போர்டு இருக்குல்லா?"

"எனக்கு வாசிக்கத் தெரியாது ஐயா. மேல என்னமோ எழுதியிருக்கு, டின்னுலயும் என்னமோ எழுதியிருக்கு. ரெண்டையும் எல்லாருக்கும் கேக்கும்படியா வாசிங்க. கேட்டுட்டுப் போயிருதேன்."

செக்ரட்டரி போர்டைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார். போர்டை வாசித்தால் உறுப்பினர் என்றால் யார் என்ற கேள்வி வரும். டின்னை வாசித்தால் பதிலும் வந்துவிடும். அவர் பார்வை கூட்டத்தில் அலைந்து என் மேல் விழுந்தது.

"வானமாமலை, எழுதினவன் நீதானே? நீ வாசிவே."

தொண்டை கிழியக் கத்துகிறவன் நான். அன்றைக்கு அந்தத் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. சங்கத்து ரூமில் குடியிருக்கிறேன், சங்கத்து வேலை செய்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயந்துவிட்டேன்.

பேராச்சி என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திரும்பி நின்று, தெருவில் விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, அவளே அந்தச் சொல்லை உரக்கச் சொன்னாள். நடுக்கமில்லை, கோபமுமில்லை. பிறந்ததிலிருந்து அவள் மேல் எறியப்பட்ட சொல்; அவள் வாயில் கேட்டபோது அதில் ஒரு அழுக்கும் இல்லை. பிறகு டின்னை எடுத்துக் குழாயடியில் வைத்தாள். தண்ணீர் தகரத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. நான் கோயில்களுக்கு எத்தனையோ போர்டு எழுதியிருக்கிறேன், ஒரு சன்னிதியிலும் என் கை கூப்பியதில்லை. அன்று கூப்பியிருந்தது. எப்போது கூப்பினேன் என்று எனக்கே தெரியாது.

டின் நிரம்பியதும் இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். மணி ஆறரை. மீனாட்சியம்மாள் குழாயையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்தக் குழாய் வேண்டாம் என்றால் இவளும் தண்டவாளம் தாண்ட வேண்டும். ஒரு கை தண்ணீர் பிடித்துக் குழாயைக் கழுவினாள், முனகிக்கொண்டே தன் டின்னை வைத்தாள். அதோடு வரிசை நகர்ந்தது.

மத்தியானம் எல்லோரும் பார்க்க ஏணி போட்டு ஏறி அந்தப் போர்டில் கறுப்பு அடித்தேன். செக்ரட்டரி ஆள் அனுப்பி, இனிமேல் சங்க வேலை எனக்குக் கிடையாது, ரூமையும் காலி செய் என்றார். காலி செய்தேன். பேராச்சி குடிசைக்கு இரண்டு குடிசை தள்ளித்தான் இடம் கிடைத்தது.

இசக்கிக்குப் பெண் குழந்தை பிறந்த பதினாறாம் நாள் பேராச்சி அதே டின்னோடு வந்தாள்.

"இதைச் சுரண்டிட்டு இப்போ எம் பேரை எழுதுங்க அண்ணாச்சி."

"வேண்டாம்க்கா. அந்தச் சொல்லுதான் காவல். அது இல்லாட்டா பழையபடி காலால எத்திருவாங்க." அக்கா என்று அவளை அன்றுதான் முதல் தடவை கூப்பிட்டேன்.

"எத்தட்டுமே. பழைய பேரைத் திரும்ப எழுத உங்களுக்குத் தெரியாதா?"

டின்னைச் சுரண்டிக் கழுவி வெயிலில் காயவைத்தேன். அவள் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தும் விழ விழ இது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பேராச்சி என்று எழுதி முடித்தேன். நாலே எழுத்து. எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.