இறக்கத்தில் எரிந்த மஞ்சள் விளக்கு

மூன்றாவது வளைவில் பிரேக் தீயும் வாடை வந்தது. மலையிறக்கம் தொடங்கியதிலிருந்து என் கால் அந்த மிதியை விட்டு எழவேயில்லை. பகல் பதினொரு மணிக்கே மூடுபனி சாலையைப் பத்தடிக்கு அப்பால் விழுங்கியிருந்தது. பக்கத்து இருக்கையில் மாமா, என் கணவரின் அப்பா. பின்னால் கணவர். அவர் மடியில் மாமாவின் துணிப்பையும் முதியோர் இல்லத்தின் விண்ணப்பமும்.

முப்பது வருடம் டாக்ஸி ஓட்டியவர் மாமா. மகனுக்கு சைக்கிள்கூட வராது. இந்த ஆட்டோமேட்டிக் காரும் மாமா வாங்கியதுதான். காலையில் “எங்க போறோம்?” என்று அவர் கேட்டதும், “பல் டாக்டர்கிட்டப்பா” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார் கணவர். மாமாவின் வாயில் பல்லே கிடையாது. பழைய மாமாவாக இருந்தால், “யாருக்குடா பல்லு வலி, அந்த டாக்டருக்கா?” என்று மடக்கியிருப்பார். எங்கள் பெயர்களையும் மறந்துவிட்ட இந்த மாமா தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. சும்மா இருந்ததும் பொய்தானே என்று எனக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தது.

அடுத்த வளைவுக்கு முன், கியர் பிடிமேல் இருந்த என் இடக்கையின் மீது காய்ந்த விரல்கள் ஊர்ந்தன. பிடியின் பக்கவாட்டில் இருந்த சின்னப் பொத்தான் அமுங்கியது. மீட்டருக்குள் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஓவர்டிரைவ் என்ற மேல் கியர் அணைந்துவிட்டது என்பதற்கான அடையாளம் அது. பதினொரு வருடமாக இந்தக் காரை ஓட்டுகிறேன், அந்தப் பொத்தானைத் தொட்டதேயில்லை. கியர் ஒன்று இறங்க, எஞ்சின் அடித்தொண்டையில் உறுமிச் சக்கரங்களை இழுத்துப் பிடித்தது. பிரேக்கைத் தொடாமலேயே வேகம் தணிந்து வளைவைக் கடந்தோம். பிறகு விளக்கு அணைந்தது. அடுத்த வளைவு என் கண்ணுக்குத் தெரியுமுன் மறுபடி எரிந்தது.

நான் பக்கத்தில் திரும்பவில்லை. பனியிலிருந்து கண்ணை எடுக்க முடியாது என்பது ஒரு காரணம். அவருடைய கண்கள் திறந்திருந்தால், நாங்கள் எங்கே போகிறோம் என்பது அவற்றில் எழுதியிருக்குமோ என்ற பயம் இன்னொன்று. தீய்ந்த வாடை குறைந்துகொண்டே வந்தது. அவரைக் கொண்டுபோய் விடும் இடத்துக்கு அவரே எங்களைப் பத்திரமாக இறக்கிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது.

பிறகு, வளைவே இல்லாத நேர்சாலையில் விளக்கு எரிந்தது. வண்டி உறுமித் தணிந்தது. பனிக்குள் ஒரு லாரியின் பின்புறம், விளக்கில்லாமல், நடுச்சாலையில் நின்றுகொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தேன். ஒரு முழம் இடைவெளியில் நின்றோம்.

“அப்பாடி! நல்லவேளை, மெதுவா வந்தே.”

“நானா? உங்கப்பா அமுக்கலைன்னா மூணு பேரும் இதுக்கடியில போயிருப்போம்.”

“அப்பாவா?” கணவர் சிரித்தார். “அவர் தூங்கி அரைமணி நேரமாச்சு. பெல்ட்டை நோண்டறார்னு, மேலே வண்டியை நிறுத்தி நீ கண்ணாடி துடைக்கும்போதே கை ரெண்டையும் போர்வைக்குள்ள வச்சுக் கட்டிட்டேன். நீதான் டொக்கு டொக்குனு அமுக்கிக்கிட்டு வர்றே.”

திரும்பிப் பார்த்தேன். கழுத்துவரை போர்வை. மார்புக்குக் கீழே இறுக்கமான முடிச்சு. மூடிய இமைகள். என் புறங்கையில் மட்டும் அந்த விரல்களின் சொரசொரப்பு இன்னும் மிச்சமிருந்தது.

சமதளம் வந்ததும் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். பனி இல்லை, இறக்கம் இல்லை, தெருவெல்லாம் வெயில். முதியோர் இல்லத்தின் மதில் தொடங்கிய இடத்தில் விளக்கு எரிந்தது.

“ஏன் இழுக்குது? ரோடு காலியாத்தானே இருக்கு?”

“என் ரெண்டு கையையும் பாருங்க.”

அவர் பார்த்தார். மடியிலிருந்த விண்ணப்பம் சரசரத்தது.

எங்களைக் கண்டதும் காவலாளி கேட்டை அகலத் திறந்து, உள்ளே வரச்சொல்லிக் கையசைத்தார். நான் இரண்டு மிதிகளிலிருந்தும் காலை எடுத்தேன். ஆட்டோமேட்டிக் கார் அதற்கெல்லாம் நின்றுவிடாது. மனிதர் நடக்கும் வேகத்தில், எஞ்சின் முனக, திறந்த கேட்டை நோக்கி அது தானாகவே ஊர்ந்துகொண்டிருந்தது.