அப்டேட் முடியும்வரை கை வைக்காதீர்கள்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். அப்பாவுக்கும் அப்படித்தான். அம்மா ஒருத்திதான் எங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, "எனக்குன்னு வந்து வாய்ச்சிருக்கு பாரு ரெண்டு" என்று சொல்லிச் சொல்லியே காலத்தைத் தள்ளியவள். தொண்டையில் புற்று என்று அப்பாவின் குரல்வளையை எடுத்த பிறகு, அந்த வீட்டில் கத்துவதற்கு நான் மட்டும்தான் மிச்சம். பதிலுக்குக் கத்த ஆளில்லாமல் கத்திப் பார்த்திருக்கிறீர்களா? நன்றாகவே இருக்காது.

அறுவைக்கு முன்னால் பேச்சுப் பயிற்சியாளர் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். அப்பாவை உட்கார வைத்து, வாக்கியம் வாக்கியமாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொண்டார். அதை வைத்து அப்பாவின் குரலையே செய்து தருவார்களாம். டேப்லெட்டில் எழுதினால் அந்தக் குரலில் பேசுமாம். அது தயாராக நாளாகும், அதுவரைக்கும் டேப்லெட்டில் இருக்கிற பொதுக் குரலைப் பயன்படுத்துங்கள் என்றார். அப்பா ஒரே ஒரு தடவை 'தண்ணி வேணும்' என்று எழுதினார். லிஃப்டில் மாடி எண்ணைச் சொல்கிற மாதிரி ஒரு குரல் தண்ணீர் கேட்டது. "யாருங்க வந்திருக்கா?" என்று அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார். அதோடு சரி. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சின்ன வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டுவார், அதுவும் வேண்டா வெறுப்பாக.

அம்மா அந்தக் குரலைப் பற்றிப் பேசவே விடமாட்டாள். "எனக்கு அவரு மூஞ்சியப் பாத்தாலே தெரியும். மெஷின் குரலெல்லாம் ஒண்ணும் வேணாம்" என்பாள். ஆனால் சாப்பாடு போடும்போது தானே கேள்வி கேட்டு, தானே பதிலும் சொல்லிக்கொள்வாள். "இன்னும் கொஞ்சம் போடவா? போதுமா? சரி போதும்." அதைக் கேட்கும்போதெல்லாம் நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.

ஒருவழியாகக் குரல் தயார் என்று செய்தி வந்தது. விடுப்பு போட்டுவிட்டு அம்மா அப்பா வீட்டுக்கு ஓடினேன். அங்கே போனால் வேறு கூத்து. அந்தக் குரல் இன்டர்நெட் வழியாகத்தான் வரும். டேப்லெட்டோ வீட்டு ரவுட்டரோடு சேரவே மாட்டேன் என்றது. அது அப்பா வாங்கி வைத்த ஆதிகால ரவுட்டர். உள்ளே ஓடுகிற மென்பொருள் அரதப் பழசு, அதன் பாதுகாப்பைப் புது டேப்லெட் நம்பத் தயாராக இல்லை. என் மொபைலிலிருந்து நெட் கொடுக்கலாம் என்றால், அந்த வீட்டுக்குள் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது. ஊரில் இருக்கிற ஆபீஸுக்கெல்லாம் ரவுட்டர் பார்ப்பது என் வேலை, சொந்த வீட்டு லட்சணம் இது.

"புதுசு ஒண்ணு வாங்கிடலாம்பா" என்றேன்.

'ஓடுறத எதுக்குத் தூக்கிப் போடணும்?' என்று பலகையில் எழுதினார். அதை அழித்துவிட்டு, 'ஒரு தடவதான். சரியா வரலேன்னா இந்தப் பேச்ச இத்தோட விட்டுடணும்' என்று எழுதினார்.

சரி என்று தலையாட்டினேன்.  அப்பா விட்டுவிட்டால் விட்டுவிட்டதுதான். பிறகு அந்த வீட்டில் அம்மா தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

நல்லவேளை, என் பழைய லேப்டாப் அந்த ரவுட்டரோடு சேர்ந்தது; அதில் ரவுட்டருக்கான கடைசி மென்பொருளைத் தேடிப் பிடித்து இறக்கினேன். கேபிளை மாட்டி வேலையை ஆரம்பித்தேன். "இது முடியற வரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது. கரண்ட் போச்சுன்னா ரவுட்டர் செத்துரும், புரியுதா?" என்று அப்பாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். பெரிய தலையாட்டல். அம்மா பின்பக்கம் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவளால் ஆபத்தில்லை.

பாதிதான் ஏறியிருக்கும், ரவுட்டர் விளக்கு படபடவென்று அடித்தது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பிளக் ஆடுகிறது! பதறிப்போய் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டேன். அந்த நொடியில் மின்விசிறி நின்றது. ரவுட்டர் விளக்கெல்லாம் அணைந்தது.

திரும்பிப் பார்த்தால், கதவோரம் மெயின் சுவிட்சில் கை வைத்தபடி அப்பா நிற்கிறார்.

"என்னப்பா பண்ணீங்க! அறிவிருக்கா உங்களுக்கு? தொடாதீங்க தொடாதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன்? எல்லாம் போச்சு! உங்களுக்குப் பேச வேணாம்னா நேரா சொல்லியிருக்கலாமே!"

அவர் முகம் வெளுத்திருந்தது. கிட்டே வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்து அலமாரிப் பின்னாலிருந்து வெளியே இழுத்தார். பிறகு எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் வயரைத் தூக்கிக் காட்டினார். எலி கடித்ததோ என்னவோ, உறை பிய்ந்து செம்பு பளபளவென்று தெரிந்தது. என் விரலுக்கும் அதற்கும் ஒரு சாண்கூட இருந்திருக்காது. கதவோரம் நின்றவர் கண்ணுக்கு அது பக்கவாட்டில் தெரிந்திருக்கிறது.

என் அப்பா எலக்ட்ரீஷியன். எதில் கை வைப்பதற்கு முன்னாலும் 'மெயின ஆஃப் பண்ணு!' என்று தெருவே அதிரக் கத்தினவர். அதற்காகவே தெருவில் அவருக்கு 'மெயின் ஆஃப்' என்று பட்டப்பெயர். இன்றைக்கு அவரால் கத்த முடியவில்லை. ஓடி வந்து என்னை இழுக்கவும் நேரமில்லை. என்ன நஷ்டமாகும் என்று நான்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேனே, தெரிந்தேதான் அணைத்திருக்கிறார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சாரிப்பா" என்றேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் பலகையை எடுத்து, 'போனா போகட்டும் விடு' என்று எழுதினார்.

"போகட்டுமா? நல்லா இருக்கே! நான் விடுவேன்னு நெனச்சீங்களா?"

செத்த ரவுட்டரிலும் சில சமயம் கொஞ்சம் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும். பின்னால் இருக்கிற சின்னத் துளையில் ஊசியை வைத்து அழுத்திக்கொண்டே கரண்ட் கொடுத்தால், மென்பொருளை இன்னொரு முறை வாங்கிக்கொள்ளும். வாங்காமலும் போகலாம், அதைச் சொல்லவில்லை. அப்பா தன் வேலைப் பையிலிருந்து நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்து வந்தார். என் கொண்டை ஊசியைக் கழற்றித் துளையில் வைத்தேன். "நான் சொன்னதும் போடுங்க... இப்போ!"

அப்பா மெயினைப் போட்டார். ஒன்றுமில்லை. மறுபடி அணைத்தோம், மறுபடி போட்டோம். ஒன்றுமில்லை. எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. அப்பா முகம் சுளிக்காமல் நான் சொன்னபோதெல்லாம் போட்டார், அணைத்தார். கடைசியில் ஒரு சிவப்பு விளக்கு மெல்லக் கண் சிமிட்டியது. அவசரமாக ஃபைலை அனுப்பினேன். இரண்டு பேரும் மூச்சுக்கூடச் சரியாக விடாமல் தரையில் உட்கார்ந்து அந்தக் கோடு நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பச்சை வந்தது. டேப்லெட் மறுபேச்சில்லாமல் ஒட்டிக்கொண்டது. அப்பாவின் மடியில் வைத்தேன்.

"ஏதாவது எழுதுங்கப்பா."

சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். என்னைப் பார்த்தார். அழுத்தினார்.

"ஏம்மா, எங்க போயிட்ட? கொஞ்சம் இங்க வந்துட்டுப் போ."

அப்பா குரல். ஒன்றிரண்டு இடத்தில் இழுத்தது, ஆனால் அதே கரகரப்பு, அதே அவசரம்.

"வரேன் வரேன், கையெல்லாம் சோப்பு!" என்று குழாயடியிலிருந்து அம்மா கத்தினாள். "கூப்பிட்ட உடனே வந்து நிக்கணும் உங்களுக்கு. ஒரு நிமிஷம் பொறுத்தா என்னவாம்?"

அப்புறம் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

சோப்பு சொட்டும் கையோடு அம்மா பின்வாசற்படியில் வந்து நின்றாள். அப்பாவைப் பார்த்தாள், மடியில் இருந்த டேப்லெட்டைப் பார்த்தாள், மறுபடி அப்பாவைப் பார்த்தாள். என்னென்னவோ சொல்லித் தேற்ற வேண்டும் என்று நினைத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நான் அங்க போறேன்" என்றாள் அம்மா. "இன்னொரு தடவ கூப்பிடுங்க."

சொல்லிவிட்டுத் திரும்பிக் குழாயடிக்குப் போனாள். துணியில் கை வைக்கவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சும்மா நின்றாள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினார்.