அஞ்சுக்கும் ஒரே ஊசி

எனக்கு வாய் ஜாஸ்தி. சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில பதினாறு வருஷமா கைக்குழந்தைங்களுக்குத் தடுப்பூசி போடுறேன். யாரையாவது திட்டாம ஊசி போடுற புதன்கிழமை ஒண்ணுகூடப் போனதில்ல.

ஆத்தோரத்துல குடியிருந்த ரத்னா ஒன்றரை மாசப் பொண்ணைத் தூக்கிட்டு வந்தா. ஊசி இறங்கினதும் குழந்தையைவிட அவதான் அதிகமா அழுதா. இன்னும் எத்தனை ஊசின்னு கேட்டா. வரிசை வாசலைத் தாண்டி நின்னுது. அழாதம்மா, அஞ்சு வியாதிக்கும் ஒரே ஊசியில முடிஞ்சுதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். அட்டையில அடுத்த தேதி எழுதினேன். எதுக்குன்னு சொல்லல.

அடுத்த மாசமே ஆத்தோரக் குடிசைங்களை இடிச்சு, அவங்களை ஊருக்கு வெளியில மாத்திட்டாங்க. ரெண்டு பஸ் மாறி வரணும். எடை பாக்கத்தான் தேதி போட்டிருக்குன்னு நெனச்சு அவ வரல.

நாலாவது மாசம் வந்தா. கக்குவான் இருமல்ல குழந்தை முகம் நீலமா போயிருந்தது. அட்டையில ஒரே ஒரு ஊசி. வந்துது பாருங்க எனக்கு ஆத்திரம், நீயெல்லாம் ஒரு தாயான்னு கத்திட்டேன். நீங்கதான சிஸ்டர் ஒண்ணுலயே முடிஞ்சுதுன்னு சொன்னீங்கன்னு மெதுவா கேட்டா. வாசல்ல நின்ன அவ புருஷன் நாகராஜுக்கு நான் கத்தினது கேட்டுது, அவ சொன்னது கேக்கல. அவன்கிட்ட உண்மையைச் சொல்லாம, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் குடுத்து அனுப்பிட்டேன்.

அவ்வளவு சின்ன உடம்பு முதல் ஊசியில நோயை அடையாளம்தான் கண்டுக்கும். எதிர்த்து நிக்கிற தெம்பு அடுத்தடுத்த ஊசியிலதான் வரும். இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்கும், பாவி நான் சொல்லல.

பெரிய ஆஸ்பத்திரியில ஒன்பதாம் நாள் குழந்தை செத்துப்போச்சு.

காரியம் முடிஞ்சப்புறம் அவங்க வீட்டுக்குப் போனேன். ஊசி போட சோம்பப்பட்டு பொண்டாட்டிதான் புள்ளையைக் கொன்னுட்டான்னு நாகராஜ் அக்கம்பக்கத்துல சொல்லிக்கினு இருந்தான். ரத்னா சுவரோரம் உக்காந்திருந்தா. உண்மையைச் சொன்னா என் வேலை போகும். போகட்டும்னுதான் வந்திருந்தேன்.

"அவ மேல தப்பில்ல நாகராஜ். ஒரு ஊசியில முடிஞ்சுதுன்னு சொன்னது நான்தான்."

அடிக்க வருவான்னு நெனச்சேன். அவன் அப்படியே தரையில உக்காந்து அழுதான். ரத்னாதான் நிமிர்ந்து என்னைப் பாத்தா.

"இத அன்னிக்கே சொல்லாம எதுக்கு சிஸ்டர் சும்மா நின்ன? நீ கத்தினத நம்பி ஒம்போது நாளும் இந்தாளு ஆஸ்பத்திரிப் பக்கமே வரல. புள்ள உசுரு போறப்போ நான் தனியா கெடந்தேன்."