செசிலியாவின் பிரெஞ்சுப் பாடம்

1963 மார்கழியில், நெய்வேலி குவார்ட்டர்ஸ் ஒன்றில் செசிலியா முதல்முறையாக ‘இல்’ என்று சொன்னதும், பிரான்சில் பட்டாளத்தில் இருந்த அவள் கணவன் அருள்நாதன் சமையலறையில் வந்து நின்றான். ‘இல்’ என்றால் பிரெஞ்சில் அவர். தோளில் உறைபனி இருந்தது. உருகித் தரை ஈரமானது. அன்று இரண்டாம் ஷிப்டுக்குச் சங்கு சரியான நேரத்துக்கு ஊதியது.

புதுச்சேரிக்காரனான அருள்நாதன் அந்த வருஷத் தொடக்கத்தில்தான் மனு எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடிமகனாகிக் கப்பலேறியிருந்தான். நாலு வார்த்தை பேசக் கற்றுக்கொள், காகிதம் அனுப்பி அழைத்துக்கொள்கிறேன் என்று கடிதம் போட்டான். அதை நம்பிச் சுரங்கத்தில் வேலைபார்த்த அண்ணன் சந்தியாகு வீட்டில் அவள் காத்திருந்தாள். புதுச்சேரியில் படித்த ஸ்டோர் கிளார்க் கருணாகரன் சாயங்காலங்களில் வந்து சொல்லிக்கொடுத்தார். ‘ஜெ’ என்றால் நான். அதைச் சொன்னபோது ஒன்றும் நடக்கவில்லை, அவள் ஏற்கெனவே அங்கேதான் இருந்தாள். ‘இல் மான்ஜ்’ என்றால் அருள்நாதன் சாப்பிட்டான், ‘இல் தோர்’ என்றால் நின்றபடியே தூங்கினான். அவளை மட்டும் அவன் பார்க்கவேயில்லை. ஆனாலும் பாவம், அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த சந்தியாகு மச்சானைப் பார்த்துவிட்டுக் கால் கழுவப் போனார். குவார்ட்டர்ஸ் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர், விருந்தாளி ஒருவர் என்று எழுதிக்கொண்டார்.

பங்குனியில் பாடம் ‘எல்’லுக்கு வந்தது. அவள் என்று அர்த்தம். செசிலியா யாரையும் மனதில் நினைக்காமல்தான் சொன்னாள். வைக்கோல் நிறத் தலைமுடியோடு ஒரு பெண் வந்து, பழகிய கையால் அருள்நாதனின் சட்டையில் பொத்தான் மாட்டினாள். கருணாகரன் புத்தகத்தை மூடினார்.

செசிலியாவுக்குக் காகிதம் வராது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. எப்படியாவது அவனைத் திரும்பிப் பார்க்கவைக்க வேண்டும்.

“‘த்யு’ன்னு சொன்னா அவருக்குக் காது கேக்கும்மா. நீன்னு அர்த்தம். அங்க பொண்டாட்டி புருஷன அப்படித்தான் கூப்பிடுவா,” என்றார் கருணாகரன்.

“அவர எப்படி சார் நீன்னு சொல்றது?”

‘வூ’ என்றால் நீங்கள். மரியாதையாக அப்படிக் கூப்பிட்டுப் பார்த்தாள். அருள்நாதன் யாரோ மேலதிகாரிக்குப் போல விறைத்து நின்று, சுவரைப் பார்த்து சல்யூட் அடித்தான். ஆறு வருஷக் குடித்தனத்தில் அவள் அவன் பெயரைக்கூடச் சொன்னதில்லை. சர்ச்சில் சாமியார் புருஷன் பெயரைக் கேட்டபோதும் அது எழுதியிருந்த கடித உறையைத்தான் காட்டினாள். சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த குவார்ட்டர்ஸில் குடியிருந்த சாமியம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

“பாத்துக்கினே நிக்கிறியே. ஒரு வார்த்தைதான, சொல்லிடேன்.”

நாற்பது நாள் முயன்றாள். சொல் உதடு வரை வந்தது, உடனே கை தானாக முந்தானையை இழுத்து வாயை மூடியது. தன் கையையே அவள் வெறுத்தாள்.

வைகாசியில் ஒரு சாயங்காலம் அருள்நாதனும் அந்தப் பெண்ணும் பெட்டி கட்டினார்கள். வீடு மாறுகிறார்கள் என்று செசிலியாவுக்குப் புரிந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாயைத் திறந்தாள். அதற்குள் அந்தப் பெண், உப்பை எடு என்று சொல்வதுபோல வெகு சாதாரணமாக, ‘த்யு’ என்றாள். அருள்நாதன் திரும்பிச் சிரித்தான். அவனுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே செசிலியாவுக்குத் தெரியாது.

அடுத்த பாடம் ‘நூ’. நாம் என்று அர்த்தம். மூன்று முறை சொன்னாள். யாரும் வரவில்லை. உச்சரிப்பு சரிதான் என்றார் கருணாகரன். அதன்பிறகு கூப்பிடாமலே அந்த இருவரும் தினமும் வந்து நின்றார்கள். செசிலியா அவர்களைச் சுற்றிக்கொண்டு போய் உலை வைத்தாள்.