ஷுக்ரியே வீட்டுக் காற்று

செலாமி ஓட்டும் பலூன் தினமும் விடிகாலையில் ஷுக்ரியேயின் வீட்டுக் கூரைக்கு நேர்மேலே வந்து ஏழு நிமிடம் நின்றுவிட்டுத்தான் மேற்கொண்டு போகும். காற்று வடக்கிலிருந்து வீசினாலும் சரி, தெற்கிலிருந்து வீசினாலும் சரி, இதில் மாற்றமில்லை. எங்கள் ஊரான ஓர்தாஹிசாரில் இது இருபது வருஷத்துக்கு மேலாக நடந்துவருகிறது. ரொட்டிக்கடைக்காரர் அதைப் பார்த்துத்தான் இரண்டாவது ஈட்டை அடுப்பிலிருந்து எடுப்பார். வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வரும் பெண்கள் முதல் ஒரு வாரம் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள், அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

பலூனுக்குச் சுக்கான் கிடையாது. மேலே ஏற்றலாம், கீழே இறக்கலாம், அவ்வளவுதான். தரைக்குப் பக்கத்தில் ஒரு காற்று, அதற்கு மேலே வேறொரு காற்று என்று அடுக்கடுக்காக இருக்கும். எந்த அடுக்கில் ஏறினால் எந்தப் பக்கம் போகலாம் என்று தெரிந்தவன் நல்ல ஓட்டி. செலாமி நல்ல ஓட்டி. இறங்கும்போது சுற்றுலாப் பயணிகள் நிற்கும் கூடையை, துரத்திவரும் ஜீப்புக்குப் பின்னால் இருக்கும் வண்டித் தட்டின்மேலேயே பூப்போல உட்கார வைப்பான். இருபத்தாறு வயதில் அவனுக்கு இருந்த கெட்டிக்காரத்தனத்துக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்ததில் தப்பில்லை. அதை எந்த இடத்தில் காட்டினான் என்பதில்தான் தப்பு நடந்துவிட்டது.

அரசாங்கம் எங்கள் லிரா நோட்டிலிருந்து ஆறு சைபரை வெட்டி எறிந்த வருஷம் அது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கல்யாண வயது வந்துவிட்டால் கூரைமேல் ஒரு கண்ணாடி பாட்டிலை நிறுத்தி வைப்பார்கள். அவளை விரும்புகிறவன் அதை உடைக்க வேண்டும். உடைத்தவன் பெண் கேட்டு வரலாம். எதை வைத்து உடைத்தான் என்று யாரும் கேட்பதில்லை, யார் உடைத்தது என்று மட்டும்தான் கேட்பார்கள். அந்த வருஷம் மே மாதம், எலுமிச்சம்பழக் கிடங்குக் குகை வைத்திருந்த யாகூப் தன் ஒரே மகள் ஷுக்ரியேவுக்காகக் கூரையில் பாட்டில் வைத்தார். அது செலாமிக்காக வைத்த பாட்டில் என்பது ஊருக்கே தெரியும். இருவரும் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள். ஒருத்தர் பேச்சை ஒருத்தர் பாதியில் முடித்து வைப்பவர்கள். தொட்டாலே உடையட்டும் என்று யாகூப் மெல்லிசான சோடா பாட்டிலாகப் பார்த்து வைத்திருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கே செலாமி தெருவில் நின்று ஒரு கல்லை எறிந்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அதற்கு முன்னால் அவன் டீக்கடைக்குப் போனான். அங்கே அவன் பலூனைத் துரத்திக்கொண்டு ஜீப் ஓட்டும் பெக்கிர் உட்கார்ந்திருந்தான்.

"என்ன கேப்டன், நீயும் ஆடு மேய்க்கிறவன் மாதிரி தெருவுல நின்னு கல்லு எறியப்போறியா?" என்றான் பெக்கிர். "வானத்துல பறக்குறவன்னு பேருதான்."

கடையே சிரித்தது. செலாமிக்குக் காது சிவந்துவிட்டது. "மேலேர்ந்து வந்து, கையால எடுத்து, மேலேயே ஒடைக்கிறேன் பாரு. அதுவரைக்கும் அந்தப் பாட்டில்மேல நான் ஒரு கல்லு எறிஞ்சா என் பேரை மாத்திக்கிறேன்" என்றான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

யாகூப் வீடு ஊர் நடுவே நிற்கும் கோட்டைப் பாறையின் மறைவில் இருந்தது. அங்கே இருக்கும் வீடுகளுக்கு மேலே பலூன் போனதாகச் சரித்திரமே இல்லை. காலைக் காற்று பாறையில் முட்டி இரண்டாகப் பிரிந்து இருபக்கமும் ஒழுகிப் போய்விடும். இது செலாமிக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் நாற்பது நாள் முயன்றான். ஏறிப் பார்த்தான், இறங்கிப் பார்த்தான், கூடையில் இருந்த ஜெர்மன்காரர்களை முள்ளுச்செடிக்குப் பக்கத்தில் உரசிக்கொண்டு கூட்டிப்போனான். ஒவ்வொரு நாளும் அந்தக் கூரை இருநூறு அடி தள்ளியே கடந்தது. ஷுக்ரியே தினமும் கூரையில் பாட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பாள். இருபத்தைந்தாவது நாளோ என்னவோ, ரொட்டிக்கடை வரிசையில் அவனைப் பார்த்தபோது, "தெருவுல கல்லுக்கு என்ன பஞ்சமா செலாமி?" என்று கேட்டாள். அவன் சிரித்து, "எவன் வேணா கல்லு எறிவான் ஷுக்ரியே" என்றான். அந்தச் சிரிப்பை நினைத்து அவன் பிற்பாடு தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டதுண்டு.

நாற்பத்தோராம் நாள் மத்தியானம் மெர்சினிலிருந்து எலுமிச்சம்பழ லாரி வந்தது. ஓட்டிவந்தவன் பெயர் இத்ரிஸ், முப்பது வயது, கடற்கரைக்காரன். மூட்டை இறங்கும்வரை சந்தில் சாய்ந்து நின்றிருந்தவன், யாகூப் வீட்டுக் கூரையில் பாட்டிலைக் கொத்திக்கொண்டிருந்த ஒரு மைனாவை விரட்ட விளையாட்டாக ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து வீசினான். மைனா பறந்துபோனது. பாட்டில் உருண்டு நொறுங்கியது. யாகூப் வெளியே வந்தார்.

"நீதான் ஒடைச்சியா?"

"நான்தாங்கய்யா. தெரியாம பட்டுருச்சு. பாட்டில் காசைக் குடுத்துடறேன்."

"பாட்டில் காசை யாரு கேட்டா? உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

இத்ரிஸுக்கு விஷயம் புரிய ஒரு டீ குடிக்கும் நேரம் பிடித்தது. அதற்குள் ஷுக்ரியே வாசலுக்கு வந்திருந்தாள். அவளைப் பார்த்த பிறகு அவன் தெரியாமல் பட்டது என்ற பேச்சையே எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அப்பா அம்மாவோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு லாரியைக் கிளப்பினான். யாகூப் மனம் ஒடிந்துபோனார்தான். ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை.

மறுநாள் காலையில்தான் காற்று வந்தது. செலாமியின் பலூன் கோட்டைப் பாறையைச் சுற்றிக்கொண்டு, யாரோ கையைப் பிடித்து இழுத்துவருவதுபோல வந்து, யாகூப் வீட்டுக் கூரைக்குமேல் கைக்கெட்டும் உயரத்தில் நின்றது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். செலாமிக்குக் காற்று வந்தபோது களத்தில் மணி இல்லை. கீழே ஷுக்ரியே குனிந்து கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவள் கூட்டி முடிக்கிறவரை, ஏழு நிமிடம், பலூன் அசையவில்லை. அவள் நிமிரவில்லை. கூடையில் பன்னிரண்டு வெள்ளைக்காரர்கள் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் என்ன பேசுவது என்று செலாமி பேசாமல் நின்றான். மறுநாளும் அதே காற்று, அதே கூரை, அதே ஏழு நிமிடம். அதற்கு மறுநாளும். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அவனுக்கு மொத்தம் இருபத்தோரு நிமிடம் கிடைத்தது. தோற்றவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவான் என்று நினைத்தானே தவிர, அவள் பேசச் சொல்லிக் காத்திருக்கிறாள் என்று நினைக்கவில்லை.

"போய் வாசல்ல நில்லுய்யா, நான் பண்ணுன தப்புக்கு நானும் கூட வர்றேன்" என்று பெக்கிர் அழாத குறையாகச் சொன்னான். செலாமி கேட்கவில்லை. பெண் கேட்டு வந்தவர்களுக்குப் பெண் கையால் காப்பி கொடுப்பது வழக்கம். காப்பியில் சர்க்கரை இருந்தால் சம்மதம், இல்லாவிட்டால் எழுந்து போய்விட வேண்டும். அவள் சர்க்கரை போடமாட்டாள் என்று செலாமி முழுக்க நம்பினான். ஷுக்ரியே அடுப்பங்கரையில் செலாமி வந்து வாசற்கதவைத் தட்டுகிறானா என்று வெகுநேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். தட்டவில்லை. இரண்டு கரண்டி சர்க்கரை போட்டாள். கோபத்தில் போட்ட சர்க்கரையும் இனிக்கத்தான் செய்யும்.

யாகூபுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் இத்ரிஸ் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தான். கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் முற்றத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தவன் தலைக்குமேல் பலூன் வந்து நின்றது. அவன் கத்தினான், செருப்பை எறிந்தான், போலீசில் எழுதிக்கொடுத்தான். வந்து பார்த்த போலீஸ்காரர், "தெருவுல நின்னா அள்ளிட்டுப் போகலாம் தம்பி, வானத்துல நிக்கிறவனை என்னத்தப் பண்றது?" என்று சொல்லிவிட்டு, இத்ரிஸ் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். பலூன் நிறுவனம் அந்தப் பலூனை வேறு ஓட்டியிடம் கொடுத்துப் பார்த்தது, நிற்கவில்லை. செலாமிக்கு வேறு பலூன் கொடுத்தது, நின்றது. கடைசியில் நிறுவனம் விளம்பரத் தாளில் இதையும் சேர்த்துக்கொண்டது. இத்ரிஸும் நல்ல மனுஷன்தான், எத்தனை நாள் செருப்பு எறிவான்? நாலாம் வருஷக் குளிர்காலத்தில், "கேப்டன், சும்மாதானே நிக்கிறீங்க, புகைக்கூண்டுல எங்க விரிசல்னு பாத்துச் சொல்லுங்க" என்று கீழிருந்து கேட்டான். செலாமி பார்த்துச் சொன்னான்.

செலாமி இதிலிருந்து தப்பப் பார்க்காமல் இல்லை. ஒரு வருஷம், பலூன் ஓடும் இன்னொரு ஊரான பமுக்காலே பக்கம் வேலைக்குப் போனான். முதல் நாள் காலையில் அங்கே ஏறிய பலூன் ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி வந்து ஷுக்ரியே வீட்டுக் கூரைமேல் நின்றுவிட்டுத்தான் இறங்கியது. அத்தனை தூரத்துக்கு எரிவாயு எப்படிப் போதியது என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. கூடையில் இருந்தவர்களுக்குக் காலைச் சாப்பாடு போட்டுப் பஸ் ஏற்றிவிட்டார்கள். அவனுக்குப் பெண் கொடுக்க இரண்டு இடத்தில் யோசித்தார்கள். தினமும் இன்னொருத்தன் வீட்டுமேல் போய் நிற்கிறவனுக்கு எப்படிக் கொடுப்பது என்று இரண்டு இடத்திலும் விட்டுவிட்டார்கள். அவன் ஒற்றைக் கட்டையாகவே நின்றுவிட்டான். ஷுக்ரியேவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து வளர்ந்து ஆளானதையெல்லாம் அவன் உச்சந்தலைகளாகவே பார்த்தான். அவளுடைய உச்சி வகிட்டில் முதல் நரை விழுந்ததும் அவனுக்குத்தான் முதலில் தெரியும். அவள் துணி உலர்த்துவாள், சர்க்கரைப் பாதாமிப் பழத்தைப் பிளந்து காயவைப்பாள், ஒருநாளும் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். அவனுக்கு வேறு ஆசையே இல்லை. அவள் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை திட்டிவிட்டால் போதும் என்றிருந்தான்.

பதினைந்தாம் வருஷம் நோய் வந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. ஐந்து மாதம் எங்கள் வானத்தில் ஒரு பலூன்கூட இல்லை. அந்த ஐந்து மாதமும் தினம் காலையில் அதே நேரத்துக்கு ஷுக்ரியே வீட்டுக் கொடியில் ஆடிக்கொண்டிருந்த துணிகள் சட்டென்று நின்றன. அக்கம்பக்கத்துக் கொடிகளில் எல்லாம் படபடக்கும், இவள் கொடியில் மட்டும் அசைவிருக்காது. ஏழு நிமிடம் கழித்து மறுபடி ஆடும். ஷுக்ரியே இதை இரண்டு நாள் பார்த்தாள், பத்து நாள் பார்த்தாள், ஐந்து மாதமும் உட்கார்ந்து பார்த்தாள்.

ஆகஸ்டில் பயணிகளை ஏற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை ஓட்டம் விட்டார்கள். கூடையில் செலாமி மட்டும். பலூன் வழக்கம்போல வந்து நின்றது. ஷுக்ரியே கையில் ஈரச் சட்டையோடு நிமிர்ந்து பார்த்தாள். பதினைந்து வருஷத்துக்கு அப்புறம் அவள் முகத்தைப் பார்த்ததில் செலாமி அனல் ஊதும் பர்னரின் பிடியை விட்டுவிட்டான். பலூன் இறங்கவில்லை.

"ஏழு நிமிஷந்தான் இருக்கு, குறுக்க பேசாத" என்றாள் ஷுக்ரியே. "அந்த நாப்பத்தோராம் நாள் காலையில நீ வழக்கம்போல அந்தப் பக்கமா போறதைப் பாத்துட்டு, பூண்டு இடிக்கிற குழவியை எடுத்துக்கிட்டு இங்க வந்தேன். நானே ஒடைச்சுட்டு நீதான் ஒடைச்சேன்னு அப்பாகிட்ட சொல்லிடலாம்னு. கையை ஓங்கிட்டேன். அப்புறம் டீக்கடையில உன் மானம் போயிடுமேன்னு குழவியைக் கீழ போட்டுட்டேன். ஆண்டவனே, நாளைக்காவது அந்தக் காத்தைக் கொண்டாந்து இந்தக் கூரைமேல நிறுத்துன்னு கேட்டேன். எத்தனை நாளைக்குன்னு சொல்லல. கேக்கத் தெரியாம கேட்டுட்டேன்."

செலாமி கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்தான்.

"இத்தனை வருஷமும் நீதான் வேணும்னு வந்து நிக்கிறேன்னு நெனச்சேன். வந்து நிக்கத் தெரியுது, வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேசத் தெரியலயேன்னு ஆத்திரம். இந்த அஞ்சு மாசம் பாத்தப்பதான் புரிஞ்சுது. இது உன் காத்து இல்ல செலாமி, என் காத்து. உன்னைக் கட்டிப்போட்டு வச்சிருந்தது நான்தான். குழவியைக் கீழ போடாம இருந்திருக்கலாம்."

"நானும் கல்லை எடுத்திருக்கலாம்" என்றான் அவன்.

"ஆமா, எடுத்திருக்கலாம்." அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, சட்டையைத்தான் உதறினாள். "அன்னைக்குக் கேட்ட மாதிரியே இன்னைக்கும் கேட்டா இந்தக் காத்து உன்னை விட்டுரும்னு தோணுது. நீ உன் வழியைப் பாத்துக்கிட்டுப் போகலாம். போதும்னு சொல்லிட—"

"வேணாம்" என்றான் செலாமி.

அவள் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டான். அந்த வேகத்தில் பாதி அவனுக்குப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இருந்திருந்தால் எவ்வளவோ மாறியிருக்கும். ஷுக்ரியே கையிலிருந்த சட்டையைப் பார்த்தாள். பிறகு அது இத்ரிஸின் சட்டை என்பது நினைவுக்கு வந்ததுபோலக் கொடியில் போட்டு, இரண்டு பக்கமும் கிளிப் மாட்டி, படியிறங்கிப் போனாள். போதும் என்று அவள் அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கப்புறமும் சொல்லவில்லை.

மறுவாரம் பயணிகள் வந்தார்கள். கூடையில் இருந்த ஒரு கொரியாக்காரப் பெண், பலூன் ஏன் இங்கே வந்து நிற்கிறது என்று கேட்டாள். கீழே ஷுக்ரியே குனிந்து பாதாமியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். "இந்த எடத்துல காத்து அப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டு, செலாமி பர்னரைக் கொஞ்சம் திறந்தான்.